அறநெறி அலுமாரியில் ஒரு ருஷ்ய டாக்டர்

போன வாரம் நூலகத்திலிருந்து நிரோஷினி போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மிஸ், எல்லாப் புத்தகத்தையும் கம்பியூட்டர்ல ஏத்துறோம். ஒண்ணு மட்டும் ஏற மாட்டேங்குது. தலைப்பு இல்ல, எழுதினவர் பேர் இல்ல. பச்சை ரெக்சின் பைண்டிங். உள்ள பாத்தா ருஷ்யாக்காரங்க கதை. அது ஏன் மிஸ் அறநெறி அலுமாரியில கெடக்கு?"

நான் சிரித்த சிரிப்பில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கதை தெரியும். "டாக்டர் புத்தகமா?" என்று கேட்டுவிட்டுத் தானும் சிரித்தார். நிரோஷினிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சது போதும் மிஸ். எழுதிக் குடுங்க, நம்ம நூலக ஆண்டு மலருக்கும் ஒரு கட்டுரை ஆச்சு" என்று வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அவளைத் திட்டுங்கள்.

நான் வேலை செய்தது கண்டி நகரத்தில் ஒரு சின்ன நூலகம். மஹய்யாவயிலிருந்து காலையில் நடந்தே போய்விடுவேன். வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பசை காய்ச்சுவது, கிழிந்த பக்கம் ஒட்டுவது, அட்டை எழுதுவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டு அந்தந்த அலுமாரியில் வைப்பது. முதல் இரண்டு வருடம் நான் புத்தகம் படிக்கவே இல்லை, தூசி மட்டும்தான் தட்டினேன். கொழும்பில் போய் ஒரு பரீட்சையும் எழுதி வந்தேன். பாஸ் என்று தெரிந்த அன்று அம்மா தெருவுக்கே வடை சுட்டுக் கொடுத்தார்.

எங்கள் பொறுப்பாளர் கனகரத்தினம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்கவே மாட்டார். புத்தகத்தைத் தொடுமுன் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார். யார் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல அவருக்கு வராது. "பாப்பம்" என்பார். சம்பள உயர்வு கேட்டாலும் பாப்பம், ஒழுகுகிற கூரையைக் காட்டினாலும் பாப்பம். எனக்கோ சட்டென்று கோபம் வந்துவிடும். அவருக்கு முன்னால் கோபப்படுவது பஞ்சு மெத்தையில் குத்துவது போல, நமக்குத்தான் களைப்பு வரும்.

அந்தப் பச்சைப் புத்தகம் வந்தது ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து. அங்கே பெரிய கிளாக்கராக இருந்து காலமானவரின் வீட்டார் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மழையில் நனைந்து மேலே இருந்ததற்கு அட்டையும் முதல் சில தாள்களும் போய்விட்டன. அதைப் பைண்டிங்குக்குக் கொடுத்து எடுத்தவர் எனக்கு முன் இருந்த உதவியாளர். தலைப்பு இல்லாத புத்தகத்துக்கு என்ன எண் போடுவது? மிச்சமிருந்த முதல் பக்கத்தைப் படித்திருக்கிறார். அங்கே ஒரு பாதிரியார் தேவாலயத்தில் நின்று பொய்யின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார். பக்கம் பக்கமாகச் செய்கிறார். உதவியாளர் மேலே புரட்டவில்லை. அறநெறி என்று எண் போட்டு அந்த அலுமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரசங்கம் முடிந்ததும்தான் கதையே தொடங்குகிறது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கதை இதுதான். அந்தப் பாதிரியாரின் தம்பி ஒரு டாக்டர். நல்ல கைராசிக்காரர், ஆனால் குடிகாரர். ஒரு நாள் குடித்துவிட்டுப் பிரசவம் பார்க்கப் போக, தாய் இறந்துவிடுகிறாள். விசாரணை வருகிறது. டாக்டர் பயந்துபோய், மருந்து கலந்து கொடுத்தவன்தான் பிழை செய்தான் என்று சொல்லிவிடுகிறார். பாவம், அந்த மருந்துக்காரன் சிறைக்குப் போகிறான். பாதிரியார் அண்ணனுக்கு உண்மை தெரியும். அவர் வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னதில்லை, ஒரு துளி குடித்ததில்லை. கதை முழுக்கப் பிழை செய்யாத ஆள் அவர் ஒருவர்தான்.

சேர் இதை முழுக்கப் படித்துவிட்டார். "அப்ப நாவல் பக்கம் மாத்திருவோமா சேர்?" என்று கேட்டேன். "பிழையான இடத்திலை இருக்கெண்டு நினைக்கிறியளோ பிள்ளை?" என்றார். "ஆமா சேர், கதை கதை அலுமாரியிலதானே இருக்கணும்?" "பாப்பம்" என்றார். அதோடு போயிற்று.

இப்போது ஹாஜியாரிடம் வருகிறேன். நூலகம் இருந்த தெருவிலேயே துணிக்கடை வைத்திருந்தவர். பெயர் வேண்டாம், ஹாஜியார் என்றே இருக்கட்டும். நேர்மையான வியாபாரி. அளவில் ஒரு அங்குலம் குறைய விடமாட்டார், சொன்ன சொல் மாறமாட்டார். ஆனால் அப்படி மாறுகிறவர்களோடு பேச்சும் வைத்துக்கொள்ள மாட்டார். கடையில் ஒரு பையன் ஒரு முறை பொய் சொன்னதற்கு அவனுடைய வாப்பா, மாமா எல்லோரோடும் சலாம் சொல்வதை நிறுத்திக்கொண்டவர்.

அவருடைய ஒரே மகள் ஸஹ்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு மொண்டிசோரியில் படிப்பித்தாள். ஹாஜியார் வீட்டில் கதைப் புத்தகத்துக்கு இடமில்லை. மகளுக்காக நூலகத்துக்கு வருகிறவரும் அவரேதான், நேராகப் போவது அறநெறி அலுமாரிக்குத்தான். ஒரு நாள் வந்து, "பெரிய புத்தகமாப் பாத்துத் தாங்க மிஸ், அடிக்கடி வர ஏலாது" என்றார். நான் வாய் திறப்பதற்குள் தானே அந்தப் பச்சைப் புத்தகத்தை உருவினார். முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார். "வேற மார்க்கம்தான், ஆனா பேச்சு ஜும்ஆ பயான் மாதிரி நேரா இரிக்கி" என்று பாராட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் கழித்து அதே புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன மிஸ் இது? அறநெறி அலுமாரியில வெக்கிற புத்தகமா இது? குடிகாரன், பொய்காரன், புருஷனுக்குத் தெரியாமச் சாமான் விக்கிற பொம்புள... ஒரு நல்ல மனிசன் இல்ல இதுல!"

"உக்காருங்க ஹாஜியார். படிச்சிட்டீங்களா?"

"நான் ஏன் படிக்க? மகள் சொன்னா. அதால வந்த பிரச்சினதான் இது."

பிரச்சினை என்னவென்றால் கல்யாணம். ஸஹ்ராவுக்கு ரிஸ்வான் என்று ஒரு பிள்ளையைப் பேசியிருந்தார்கள். பார்த்துப் பிடித்துப் போய், இரண்டு வீட்டிலும் சம்மதம். அதற்குப் பிறகு யாரோ வந்து ஹாஜியார் காதில் ஒரு பழைய கதையைப் போட்டார்கள். ரிஸ்வான் முன்பு பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் லொறி ஓட்டியவன். ஒரு நாள் பின்னுக்கு எடுக்கும்போது யாருடையதோ மதிலை இடித்துச் சாய்த்துவிட்டான். முதலாளி கேட்டதற்கு, கிளீனர் பிழையாகக் கை காட்டினான் என்று சொல்லிவிட்டான். வயதான கிளீனர் வேலை இழந்தார். சில மாதம் பொறுத்து ரிஸ்வானே முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னான். கிளீனருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ரிஸ்வானுக்குப் போயிற்று. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான்.

"பொய் சொன்னவனுக்கு என்ட மகளைக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் மிஸ். அதுக்கு இவ சொல்றா, 'வாப்பா, டாக்டர் என்ன செஞ்சார் தெரியுமா?' எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சி. எந்த டாக்டர்? மகளுக்கு என்ன வருத்தம், என்ன நோய்? எனக்குத் தெரியாம எங்க போனீங்கன்னு அவட உம்மாவையும் சத்தம் போட்டு... பாத்தா இந்தப் புத்தகத்துல உள்ளவன்!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கிற நிலையில் இல்லை. இந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்தில் முறையிடுவேன் என்றார்.

கனகரத்தினம் சேர் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் நின்று கேட்டார். இந்த முறை பாப்பம் என்று சொல்லவில்லை.

"ஓம் ஹாஜியார், எடுக்கலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு. புத்தகத்தை எடுக்கச் சொல்லுற ஆள் அதை இந்த மேசையிலை இருந்து முழுக்க வாசிக்க வேணும். வீட்டை கொண்டுபோக ஏலாது. பாய்ஞ்சு பாய்ஞ்சு வாசிக்கவும் ஏலாது. நிப்பாட்டுற இடத்திலை நான் கடதாசித் துண்டு வைப்பன். கடைசிப் பக்கம் முடிச்சுப்போட்டு எடுங்கோ எண்டால், அண்டைக்கே எடுக்கிறன்."

"இவ்வளவு பெருசயா?"

"அளக்காமல் துணி வெட்டுவியளோ?"

ஹாஜியார், நாளைக்கு மதியம் லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

"இப்படி ஒரு முறை இருக்குன்னு நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே சேர்?" என்று கேட்டேன்.

"இப்பதானே பிள்ளை வந்தது" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் உள்ளே போய்ப் பசைச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அன்று பின்னேரம் ஸஹ்ரா வந்தாள். மொண்டிசோரியிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் சோக்குத் தூள். "மிஸ், வாப்பா சம்மதிச்சு அவர் வாயால என்னைக் குடுத்தாத்தான் எனக்கு நிக்காஹ். அவருக்கு வருத்தம் வெச்சிட்டு நான் போக மாட்டேன். ஆனா ரிஸ்வான் இல்லாட்டி வேற யாரும் வேணாம். பொய் சொன்னார்தான். அதை மொதல்ல எனக்குச் சொன்னதும் அவர்தான், பொண்ணு பாக்க வந்த அன்றைக்கே." அவள் போன பிறகு எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. சிரிப்பாக எடுத்துக்கொண்ட விஷயத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

சொன்னபடியே ஹாஜியார் வந்தார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கணக்குப் பார்ப்பது போல ஒரு விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தார். தினமும் வந்தார். டாக்டர் பொய் சொன்ன இடத்தில் "த்தூ" என்றார். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாரிமுத்து அண்ணன் துள்ளி எழுந்தார். மாரிமுத்து அண்ணன் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், நூலகம் திறக்குமுன்னே வாசலில் நிற்பவர்.

"என்ன ஹாஜியார், யாரைத் துப்புறீங்க?"

"இந்த டாக்டரை!"

"அந்தாளு பயந்துட்டாருங்க. பயந்த மனுசன் என்னதான் செய்ய மாட்டான்?"

"பயந்தா பொய் சொல்றதா? அவன்ட நானாவப் பாருங்க, பாதிரியார். மலை மாதிரி நிக்கிறான். இந்தப் புத்தகத்துல அவன் ஒருத்தன்தான் மனிசன்."

நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தது. நான் அதைக் காட்டினேன். இருவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு சத்தமாகவே தொடர்ந்தார்கள். சில நாளில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் ஹாஜியார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். டாக்டருக்கு ஒரு கட்சி, பாதிரியாருக்கு ஒரு கட்சி. சேர் மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. மூடுகிற நேரம் வந்து கடதாசித் துண்டை வைப்பார்.

ஒரு நாள் ஹாஜியார் அவரையே பிடித்தார். "சேர், நீங்க சொல்லுங்க. பாதிரியார் நல்லவன்தானே?"

"ஓம். பிழை ஒண்டும் செய்யாத மனிசன்" என்றார் சேர். கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த நாள்தான் பனி கொட்டுகிற அத்தியாயம். சிறையில் கிடக்கும் மருந்துக்காரனின் மனைவி, கைக்குழந்தையோடு இரவில் பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உங்களுக்கு உண்மை தெரியும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அழுகிறாள். பாதிரியார் உள்ளே நின்று கேட்கிறார். தம்பி பெயர் கெட்டால் குடும்பத்தின் பெயர் கெடும், தேவாலயத்தின் பெயர் கெடும். அவர் பொய் சொல்லவில்லை. பேசவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஜெபம் செய்கிறார். அவள் தட்டுகிறாள், தட்டுகிறாள்.

ஹாஜியாரின் விரல் வரியில் நின்றுவிட்டது. மேலே போகவில்லை. திடீரென்று புத்தகத்தை மேசையில் வீசினார். கதிரை பின்னால் விழுந்தது. யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அவர் பல நாள் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நம்ம பண்ணின வேலையால அந்தப் புள்ளயோட கல்யாணமே போயிரும் போல சேர்" என்று சேரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பனங்கட்டியைக் கடித்தார்.

"வருவார் பிள்ளை. அந்தக் கதவு திறந்ததோ இல்லையோ எண்டு தெரியாமல் அந்தாளாலை நித்திரை கொள்ள ஏலாது."

வந்தார். உட்காரக்கூட இல்லை. "அந்தக் கதவு தொறந்திச்சா மிஸ்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியும். சொல்ல வாய் துறுதுறுத்தது. "நீங்களே படிச்சுப் பாருங்க ஹாஜியார்" என்றேன்.

அவர் புத்தகத்தைத் தொடவில்லை. "மிஸ், நீங்க மஹய்யாவயிலதானே? அந்தக் கிளீனர், ரிஸ்வானோட வேலை செஞ்சவர், அவரும் அங்கதான்னு சொல்றாங்க. வீட்டைக் காட்ட ஏலுமா?"

காட்டினேன். கிளீனர் பெயர் பெருமாள், எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தார். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் ஹாஜியாரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஹாஜியார் சுற்றி வளைக்கவில்லை.

"என்ட மகளுக்கு ரிஸ்வானைப் பேசியிரிக்கி. ஒங்களுக்கு அவன் செஞ்சது சரியா?"

"சரியாவா? நல்லா கேட்டீங்க போங்க. எம் பொண்டாட்டி தாலியைத் தவிர எல்லாம் அடகுக்குப் போச்சு அந்த மாசத்துல. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் இருக்குங்க, நான் பொய் சொல்லக் கூடாது." பெருமாள் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒரு நாளு, இந்தா, இந்த எடத்துல வந்து நின்னு அழுதாப்ல. மொதலாளிகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போயி, எனக்கு முன்னாடியே சொன்னாப்ல. ரோட்டுல ஓடுற தொழில்ல முப்பது பேரோட வேலை செஞ்சிருக்கேன். இடிச்சதைக் கிளீனர் தலையில போடாத டிரைவரை நான் பாத்ததில்ல. போட்டுட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கிட்டவன் இவன் ஒருத்தன்தாங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். குடித்தோம். இறக்கத்தில் இறங்கும்போது ஹாஜியார், "நான் வந்தவனை உள்ளயே எடுக்கல்ல மிஸ்" என்றார். "விஷயம் கேள்விப்பட்ட அன்றைக்கு ரிஸ்வான் வீட்டுக்கு வந்தான். பெல் அடிச்சான். நான் உள்ள இருந்துக்கிட்டே வீட்டுல இல்லைன்னும் சொல்லல்ல, இரிக்கிறேன்னும் சொல்லல்ல. தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருந்தேன்." கண் கலங்கியிருந்தது. நான் கூடவே நடந்தேன்.

அதற்குப் பிறகு வேகமாகப் படித்தார். விரலை எடுத்துவிட்டார். டாக்டர் ஊர் முன்னால் போய் நின்று உண்மையைச் சொல்வது புத்தகத்தின் நடுவில்தான். அதற்குப் பிறகு இன்னொரு பாதி இருக்கிறது. ஊர் அவரை மதிக்கவில்லை, மருந்துக்காரன் லேசில் மன்னிக்கவில்லை, டாக்டர் இன்னொரு முறை குடித்தும் விடுகிறார். ஹாஜியார் தலையில் அடித்துக்கொண்டார். "டேய், டேய், வேணாம்டா" என்று புத்தகத்தைப் பார்த்துக் கெஞ்சினார். மாரிமுத்து அண்ணனும் சேர்ந்து கெஞ்சினார்.

கடைசிப் பக்கம் முடித்த அன்று சேர் கை கழுவிவிட்டு வந்து நின்றார். "சொல்லுங்கோ ஹாஜியார். எடுக்கிறதோ?"

"வெச்சிருங்க சேர்."

"நாவல் அலுமாரிக்கு மாத்தட்டோ?"

"ஏன்? இரிக்கிற எடத்துலயே இரிக்கட்டும். கதை அலுமாரியில வெச்சா என்னை மாதிரி ஆளுகள் தொட மாட்டாங்க." எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்தார். "ஒங்கட முறை எல்லாருக்கும்தானே சேர்? நாளைக்கு ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வாறேன்."

ரிஸ்வான் வந்தான். உயரமான பிள்ளை, வேன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பாடப் புத்தகத்துக்குப் பிறகு புத்தகம் தொட்டதில்லையாம். ஹாஜியார் அவனை மேசையில் உட்கார வைத்து, எதிரே தான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் தலைகீழாக இருந்ததை நான் சொல்லவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு நாளாந்தம் வந்து படித்தான் அவன். நானும் மாரிமுத்து அண்ணனும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விசாரணை அத்தியாயம் வந்தது. டாக்டர் எழுந்து நின்று மருந்துக்காரன் பக்கம் கை நீட்டுகிற இடம். ரிஸ்வான் அந்தப் பக்கத்தைப் படித்தான், திரும்பவும் படித்தான். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடினான். எழுந்தான்.

"மன்னிச்சுக்கங்க ஹாஜியார். இதுக்கு மேல என்னால ஏலாது. நான் செஞ்சதை இப்படி எழுதிப் பாக்கைக்குள்ள... ஒங்கட மகளைக் கேக்குறதுக்கு எனக்கு மொகம் இல்ல. நீங்க மறுத்தது சரிதான். நான் போறேன்."

போகவே தொடங்கிவிட்டான். ஹாஜியார் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவன் கையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க? நானும் ஒரு எடத்துல வீசிட்டுப் போனவன்தான். அது வேற பக்கம்." கதிரையை இழுத்து அவனை உட்கார வைத்தார். தானும் எதிரே போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூடின புத்தகத்தைத் தன் கையால் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"வாசிங்க மருமகன். இன்னும் பாதிக்கு மேல இரிக்கி."